காய்ச்சல் கண்ட பறக்கும் மான்

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் ஆயாவாக இருந்த காலத்தில் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தவை எட்டு மான்கள். அவற்றை நான் கண்ணால் கண்டதில்லை. துரையின் ஆறு வயது மகள் வைத்திருந்த படப்புத்தகத்தில், சக்கரமில்லாத வண்டியொன்றை இழுத்துக்கொண்டு ஆகாயத்தில் பறந்தன. வண்டியில் நத்தார் தாத்தா, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா, சொகுசாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தில் அவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை அப்போதே கவனித்தேன்.

மிஸி என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பிள்ளை என்னிடம்தான் தமிழ் பழகியிருந்தாள். ஒருநாள் கேட்டாள்:

"ஆயா, நத்தார் இல்லாத நாள்ல இந்த மானுங்க என்ன செய்யும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. அவளைச் சாப்பிட வைக்கவும் ஒரு கதை வேண்டியிருந்தது.

"வேலைக்குத்தான் போகும். வெள்ளன தப்பு அடிப்பாங்க. எல்லா மானும் பிரட்டுக்கு வந்து வரிசையா நிக்கணும். கங்காணி மான் வந்து, நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போன்னு பிரிச்சு விடும்."

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அந்தப் பிரட்டைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? அன்றிலிருந்து மான்களின் பாடு என் கையில் வந்துவிட்டது. எட்டுக்கும் சேர்த்து, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா கொடுத்தேன். மழையில் பறக்கக் கம்பளி கொடுத்தேன். ஈர மேகத்தில் அட்டை கடிக்கும் என்று காலில் சவர்க்காரம் பூச வைத்தேன். குட்டி போட்ட மான், குட்டியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பறந்தது. மிஸி வாயைப் பிளந்தபடி கேட்பாள்; நான் கரண்டியை உள்ளே விடுவேன்.

அந்த மார்கழி மழையில் கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கங்காணி லயத்துக்கே வந்து அவள் போர்த்தியிருந்த கம்பளியை உருவி, பிரட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் அப்படியே மலை ஏறினாள். மூன்றாம் நாளும் ஏறினால் பிழைப்பாளோ என்னவோ. துரையிடம் சொல்லலாம். சொன்னால் கங்காணி சும்மா விடமாட்டார். இருவருக்கும் வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு வாங்கிக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடியும் என்ன, காய்ச்சல் கண்ட மானின் கம்பளியைக் கங்காணி மான் உருவிய கதையை அன்று மிஸியிடம் சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணி நேரத்தில் அவள் அப்பாவிடம் போய் அழுதாள். நத்தாருக்குப் பொம்மை வேண்டாம், காய்ச்சல் மானுக்கு லீவு வேண்டும் என்று. அவர்கள் பாஷை எனக்குப் பாதிதான் விளங்கும். 'ஆயா', 'கங்காணி' இரண்டும் நன்றாகவே விளங்கின.

துரை என்னைக் கூப்பிட்டார். துரைசானி சிரிப்பை மறைக்கக் கோப்பையை வாயருகே பிடித்துக்கொண்டார். துரை சிரிக்கவில்லை.

"ஆயா, மான் எல்லாம் பிரட்டுக்கு வருது?"

"வருதுங்க தொர."

"காய்ச்சல் மான் எந்த லயம்?"

எதைக் கேட்டாலும் உடனே இட்டுக்கட்டுகிறவளுக்கு அன்று ஒரு பொய்யும் வரவில்லை.

"மேல் லயம்ங்க தொர. எங்க அக்கா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மிஸியிடம் ஏதோ சொன்னார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேக் தின்னப் போனாள்.

மறுநாள் பிரட்டில் துரை கங்காணியிடம், என் அக்கா தானாக எழுந்து வரும்வரை அவளைக் கூப்பிடக் கூடாது என்றாராம். யார் வந்து சொன்னதென்று கங்காணி பணிவாகக் கேட்க, "மான்" என்றாராம். கங்காணி ஒரு வாரம் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

அன்று மத்தியானமே லயத்துக்கு ஓடி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மான், வண்டி, ஆகாயம், ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய மானாக்கிட்டியாடி," என்றாள். "பறக்கத் தெரிஞ்சா நான் ஏன்டி இந்த மலையில கிடக்கப் போறேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று அதை உருவ யாரும் வரவில்லை.