தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்

இலங்கைக்குப் போவது என்று முடிவானபோது, எங்கே தங்குவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரம் கைப்பேசியும் ஒரு கோடு போட்ட நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு விடுதிக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். அந்த இடம் யாருடையது? அங்கே வேலை செய்பவர்கள் யார்? நாங்கள் போய்த் தங்குவதால் அந்த ஊருக்கு என்ன ஆகும்? படித்த காலத்தில் சமூகவியல் வகுப்பில் பழகிய கேள்விகள் அவை. விடுமுறை என்பதற்காக அவற்றை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"தங்குறதுக்கு ரூம் பாக்குறியா, பொண்ணு குடுக்க வீடு பாக்குறியா?" என்றார் கணவர்.

"அவ பாக்கட்டும்ப்பா," என்றார் அத்தை, என் மாமியார். "ஏத்தா, பாத்ரூம்ல தண்ணி வருமா, அதை மட்டும் கேட்டுக்க."

தென்கரையில் ஒரு கடலோர விடுதி முதலில் வந்தது. அதன் நீச்சல் குளத்தைப் படத்தில் பார்த்தால் அது எந்த நாடு என்றே சொல்ல முடியாது; உலகத்தில் எந்தக் கடலோரத்திலும் அதைத் தூக்கி வைக்கலாம். அடுத்தது மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் துரை இருந்த பழைய பங்களா. தேக்குக் கட்டில், கணப்பு, வெள்ளித் தேநீர்க் கோப்பைகள் என்று அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தோட்டங்களுக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களில் எங்கள் பக்கத்துச் சனமும் உண்டு. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் படத்தின் மூலையில் தகரக் கூரையாகத் தெரிந்தன. துரையின் கட்டிலில் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது.

மூன்றாவதாகக் கிடைத்தது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு சிறு தீவில் இருந்த வீடு. பவளக்கல் சுவர், பனையோலை வேலி, முற்றத்தில் ஒரு முருங்கை. தனியாக இருக்கும் ஓர் அம்மா தன் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார். விளம்பரத்தில் மொத்தமே மூன்று வரிகள்: அறைகள் இரண்டு, மின்விசிறி உண்டு, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொல்லும் வீடு என்று நினைத்தேன். அதைக் கணவரிடமும் அத்தையிடமும் படித்துக் காட்டவில்லை. தண்ணீரின் அருமையைத் திண்டுக்கல்காரர்களுக்கு ஒருவர் சொல்லவும் வேண்டுமா என்ற பெருமிதம்தான் காரணம்.

படகிலிருந்து இறங்கிப் போனபோது வீட்டுக்கார அம்மா வேலிப்படலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். "வாங்கோ, வெயிலுக்க களைச்சுப் போனியள்," என்று சொல்லி ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அடுக்களையில் இரண்டு மண்பானைகளையும் மூன்று கேன்களையும் காட்டி, "குடிக்கிற தண்ணி இதில இருக்குது," என்றார். அன்று மாலை முழுவதும் அத்தை அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பவளக்கல் சுவரைத் தடவிப் பார்த்தார். "நீ பாத்த எடம் நல்லாத்தேன் இருக்கு," என்று அவர் சொன்னதும் என் நோட்டுக்கு ஒரு பரிசு கிடைத்தது போல இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத வேளையில் டிராக்டர் சத்தம் கேட்டது. தொடர்ந்து, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஏத்தா, எந்திரி. தண்ணி வந்துருச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை வெளியூர்க்காரர்களுக்கு விளங்க வைப்பது கடினம். எங்கள் தெருவில் குடிநீர் வாரத்துக்கு ஒரு முறை வரும், பத்து நாள் கழித்தும் வரும். வந்த அன்று முதல் வேலை பழைய தண்ணீரைக் கொட்டுவது. பானையில் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அது பழசு. செடிக்கு ஊற்றிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். குழாய் நிற்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் தீவிலும் நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். அத்தை பானைகளைக் கவிழ்த்தார். நான் கேன்களை முருங்கைக்கு ஊற்றினேன். கணவர், கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், தொட்டியிலிருந்து வாளியில் முகந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் தேய்த்துக் கழுவி, நிரப்பி, மூடி வைத்தாயிற்று.

மீனோடு திரும்பிய அம்மா முருங்கையடியில் நின்று ஈரமண்ணைப் பார்த்தார்.

"இதுக்கு ஆர் தண்ணி விட்டது?"

"நாங்கதேன்," என்றார் அத்தை. "பழசைக் கொட்டிட்டுப் புதுசாப் பிடிச்சு வச்சிருக்கோம். நீங்க அலைய வேணாம்."

அந்த அம்மா உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. "பவுசர் தண்ணியோ ஊத்தினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். டிராக்டரில் வரும் தண்ணீர் வண்டிக்கு அங்கே அந்தப் பெயர். அத்தை ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். எங்கள் ஊர்க்காரர் நாக்குக்கு அதற்கு மேல் தேவையில்லை.

"உப்பு," என்றார்.

அது குளிக்கவும் கழுவவும் வாரம் ஒரு முறை வருவது. நாங்கள் மரத்துக்கு ஊற்றியது, தீவின் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து அவர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது. கிணற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அவருடைய அடுத்த முறை நாளை மறுநாள்தான்.

"மத்தியானப் படகில நாலு பேர் சாப்பிட வருகினம்," என்றார் அந்த அம்மா, பானையின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே. "அதில ஒரு வயசான அம்மா இந்தத் தீவில பிறந்தவ. கனடாவில இருந்து நாப்பது வருஷத்துக்குப் பிறகு வாறா. சாப்பாடு எதெண்டாலும் பரவாயில்லை, அந்தக் கிணத்துத் தண்ணி மட்டும் வேணும் எண்டு போனில சொன்னவ. நானும் ஓம் எண்டிட்டன்."

மூன்று கேள்விகளை எழுதி, இரண்டு வாரம் எடைபோட்டு, ஒருவருக்கும் பாதகம் வராத இடம் என்று தேர்ந்தெடுத்த வீடு அது. எல்லாக் கேள்விகளும் அந்த வீட்டைப் பற்றியவை. அந்த வீட்டுக்குள் எங்கள் வழியாக என்ன நுழையும் என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அத்தை சேலையை இழுத்துச் செருகினார். "கெணறு எம்புட்டுத் தூரம்? நானும் வாரேன். கொட்டுனது நானு, கேக்கவும் நாந்தேன் கேக்கணும்."

கணவர் பானைகளையும் கேன்களையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பானைகளை உப்பு நிற்காமல் துடைக்க உட்கார்ந்தார். அத்தையும் நானும் வீட்டுக்கார அம்மாவும் கேன்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம். கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அத்தை நேராக முன்னால் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "எந்த ஊரம்மா?"

"திண்டுக்கல்லு."

"அங்க தண்ணி வராதோ?"

"வரும் தாயி. எப்ப வரும்னுதேன் தெரியாது."

"அப்ப நாங்கள் பரவாயில்லை. எங்கட கிணறு நிண்ட இடத்திலயே நிக்குது," என்றாள் இன்னொருத்தி. கிணற்றடி முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தார். முதலில் கேட்டவள் தன் முறை வந்ததும் வாளியை நகர்த்தி வழிவிட்டு, "எடுங்கோ. நாளையிண்டைக்கு உங்கட முறையை நான் எடுக்கிறன்," என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னாள். ஆக, அன்றைய தட்டுப்பாடு நாளை மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. அப்போது நாங்கள் அங்கே இருக்கமாட்டோம். மறுநாள் கரைக்குத் திரும்பியதும் மூன்று கேன் தண்ணீர் வாங்கி அதே படகில் அவருக்கு அனுப்பிவைத்தோம். கடைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீருக்கு ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

மத்தியானப் படகில் அவர்கள் வந்தார்கள். வயதான அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தார். பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலையை அத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. தம்ளரை விளிம்பு வரை நிரப்பி, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். வயதான அம்மா ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு. "ஓம்," என்றார். "இதுதான். இதேதான்."

வீட்டுக்கார அம்மா அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவர் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

வயதான அம்மா பேச்சு மும்முரத்தில், யாரோ ஓர் உறவினரின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே, தம்ளரில் மிச்சமிருந்த பாதித் தண்ணீரைச் சர்ரென்று முருங்கையடியில் வீசிவிட்டு, வெறும் தம்ளரை மறுபடியும் நீட்டினார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுக ஊர்ல எந்நேரமும் தண்ணி வரும் போல," என்றார் மெல்லிய குரலில். பிறகு பானையைச் சாய்த்து, இந்த முறை அரைத் தம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.