ஒமே, சா நொமே

நான் சொன்ன மூன்று சொல்லுக்காக மொரி மாஸ்டர் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் போட் இஞ்சின் திருத்தும் வேக்‌ஷொப்பில் நான் வேலை பழகினேன். இஞ்சின் விற்ற ஜப்பான் கொம்பனி, எங்களைப் பழக்க மொரி என்ற மெக்கானிக்கை அனுப்பியிருந்தது. ஸ்பனரை அவர் 'சுபானா' என்பார். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் அதை 'சுப்ஹானல்லாஹ்' என்று முடித்துவைப்பார்கள்.

அவர் வாயைப் பார்த்தே நான் ஜப்பான் மொழி பிடித்தேன். என்னை 'ஒமே' என்று கூப்பிடுவார். பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, "ஒமே, சா நொமே!" என்று முதுகில் தட்டுவார். நான் அவருக்குச் செல்லப்பிள்ளை என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

இஞ்சின் கொண்டுவந்த சாய்ந்தமருது மீனவர் ஒருவர் கேட்டார்: "என்ன மகன், இந்த மனிசன் எந்த நேரமும் ஓமே ஓமே எண்டுதான் கதைக்கிறார்?"

"அது ஆமா எண்டதுக்கு நாம சொல்ற ஓம் இல்ல, காக்கா. மச்சான் எண்டு சொல்ற மாதிரி ஒரு சொல்லு."

யாரையும் கேட்காமலே அர்த்தம் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் வந்திருந்தது.

ஒரு நாள் ஜப்பானிலிருந்து கொம்பனியின் பெரியவர் வந்தார். தலை முழுக்க நரை. மொரி மாஸ்டர் அன்று கிரீஸ் இல்லாத சட்டை போட்டிருந்தார். என் மாஸ்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறேன் என்று நினைத்து, தேத்தண்ணியை நானே கொண்டுபோய் நீட்டினேன்.

"ஒமே, சா நொமே!"

பெரியவர் கோப்பையை வாங்கவில்லை. கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மொரி மாஸ்டர் ஓடிவந்து, எனக்கு முன்னால் நின்று, நெடுநேரம் நிமிராமல் குனிந்தார். "டேய், குடிடா" என்று ஒரு பெரிய மனிதரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அவர்கள் போனபின் மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டர் ஏசவில்லை. "மை மிஸ்டேக். ஐ டீச் பேட்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் என்னை 'லத்தீஃப்-சான்' என்று கூப்பிட்டார். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, "ஒச்சா, தோஸோ" என்றார்; தேத்தண்ணி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முதுகில் தட்டவில்லை.

ஃபோர்மன் மீராசா காக்கா சிரித்தார்: "என்னடாப்பா, மாஸ்டர் உனக்கு மரியாதையெல்லாம் தாறார்! ப்ரமோஷன்தான் போல!"

நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் அழுகையாக வந்தது. பழையபடி கூப்பிடுங்கள் என்று கேட்கச் சொல் தெரியும், முகம்தான் இல்லை.

வெளிநாட்டுக்குப் போய்ப் பாஷை பழகும் தம்பிமார், ஒரு சொல்லின் அர்த்தத்தோடு அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் என் ஜப்பானியப் பேச்சில் நல்ல மரியாதை இருக்கிறது என்று பலர் மெச்சியிருக்கிறார்கள். அவ்வளவும் மொரி மாஸ்டர் ஜப்பானுக்குத் திரும்பும்வரை என்னோடு பேசிய பேச்சு.