ஒரு கிட்டாருக்கு இரண்டு ஆம்ப்

குட்டிண்ணா…

காலையில் கீபோர்டு சேகர் போன் பண்ணினார். நீங்கள் போய்விட்டீர்களாம். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குட்டிண்ணா ஆறடி உயரம். மரக்காணத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவர். நான் பகலில் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு, புரோகிராம் இருந்தால் கோரஸ் பாடப் போவேன்.

கடல் உள்ளே வந்ததற்கு அடுத்த வருஷம், 2005. ஸ்டேஜில் பொம்பளைகளை ஒரு ஓரமாக நிறுத்துவார்கள். அங்கே டிரம்ஸ் தவிர ஒன்றும் காதில் விழாது. எனக்குச் சுருதி தப்பும்… ஓனர் எல்லார் முன்னாலும் திட்டுவார். இன்னொரு தடவை தப்பினால் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த புரோகிராமுக்கு நீங்கள் ஒரு பழைய சின்ன ஆம்ப்பை, கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தீர்கள். ஒரே கிட்டார், அதிலிருந்து இரண்டு ஒயர். பெரிய ஆம்ப் உங்கள் பின்னால், சின்னது எனக்கு.

அன்றிலிருந்து எனக்குச் சுருதி தப்பவே இல்லை.

ஆனால் இரண்டையும் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். டிரம்ஸ் மணி விடவே மாட்டார். "ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் வீடு மாதிரி இருக்குப்பா… எந்நேரமும் ஒண்ணு மொனகிக்கினே இருக்குது."

நீங்கள் சிரித்துக்கொண்டே கட்டிங் பிளேயரால் சின்ன ஆம்ப்பின் பிளக்கில் இருந்த மூன்றாவது பின்னை, எர்த் பின்னை, கழற்றினீர்கள். இரைச்சல் நின்றுவிட்டது. என்னிடம் சொன்னீர்கள், "சின்னதுக்கு எர்த் இல்லன்னாலும் இந்த ஒயர் வழியா பெரிசோட எர்த் பாத்துக்கும். பெரிசுல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது, தெரியுதா?"

தலையை ஆட்டினேன். காதில் வாங்கினேனா… தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கல்யாண ரிசப்ஷன். உப்பளத்தை ஒட்டி ஷாமியானா. பொண்ணு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இன்னும் பாட்டு ஆரம்பிக்கவில்லை என்று ஓனர் கத்துகிறார். நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள்.

பெரிய ஆம்ப்பின் பிளக் ஜெனரேட்டர் பெட்டியில் நுழையவில்லை. அதில் இரண்டே ஓட்டைதான். நீங்கள் சின்னதுக்குச் செய்ததைப் பார்த்திருந்தேனே… அதே மாதிரி எர்த் பின்னைக் கழற்றிவிட்டு நான்தான் சொருகினேன்.

சிவப்பு லைட் எரிந்தது. நீங்கள் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக நின்றேன்.

நீங்கள் வந்தீர்கள். ஈரக் கை. இடது கை கிட்டார் கம்பியில், வலது கையால் மைக்கைப் பிடித்தீர்கள்.

ஹலோ என்றுகூடச் சொல்லி முடிக்கவில்லை.

மணி ஓடிவந்து ஒயரை எட்டி உதைத்த பிறகுதான் கை விட்டது. அதற்குள் இடது கையில் மூன்று விரல் கருகிவிட்டது.

உப்புக்காற்றில் பெரிய ஆம்ப்புக்குள் கரண்ட் லீக் ஆகிக்கொண்டே இருந்ததாம். எர்த் இருந்தவரை அது தரைக்குப் போய்விட்டதாம். எர்த் போனதும் கிட்டார் கம்பியில் ஏறி, உங்கள் உடம்பு வழியாக மைக்குக்குப் பாய்ந்ததாம். ரொம்ப நாள் கழித்து ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் எனக்கே புரிந்தது.

ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்பது அப்போதே தெரியும். உங்களை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பின்னை உப்பளத்து வாய்க்காலில் போட்டுவிட்டேன்.

ஜெனரேட்டர்காரரை அடித்தார்கள். பிரம்மதேசத்துக்காரர், வயசானவர். "என் பெட்டில ஒண்ணும் தப்பில்லீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தார்கள், பல் உடைந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தேன். அண்ணி டீ வாங்கப் போனதும் கேட்டீர்கள்.

"பெரிசோட பிளக்க யாரும்மா சொருவினது?"

"தெரியலண்ணா."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். "சரி… நீ சாப்ட்டியா?" என்றீர்கள்.

அந்த மூன்று விரலும் மடங்கியது மடங்கியதுதான். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கேட் வாட்ச்மேன் வேலைக்குப் போனீர்கள். பஸ்ஸில் பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பீர்கள். அந்தப் பிளக்கைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் பாடுவதை விட்டுவிட்டேன்.

பிரம்மதேசத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஜெனரேட்டர்காரர் வீட்டில் சொல்லுங்கள். அவர் இருக்கிறாரோ இல்லையோ… அவர் மேல் தப்பு இல்லை. பின்னைக் கழற்றியது நான்.

மத்தியானம் எடுக்கிறார்களாம். வருகிறேன். அண்ணி முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

போய் வாருங்கள் அண்ணா.

ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டீங்களே… நிஜமாவே தெரியாமத்தான் கேட்டீங்களாண்ணா?