பேசலாம் என்று யாரும் சொல்லவில்லை

என் தம்பி கத்திச் சம்பாதித்தவன். கேலிக்குச் சொல்லவில்லை, தொழிலே அதுதான். த்ராஷ் மெட்டல் என்று ஒரு சங்கீதம் இருக்கிறது. கிடார் தலைதெறிக்க ஓடும், டிரம்ஸ் அதைத் துரத்தும், இரண்டுக்கும் மேலே ஒருவன் நின்று உலகத்தின் மீதுள்ள கோபத்தையெல்லாம் கத்தித் தீர்க்க வேண்டும். அந்த ஒருவன் என் தம்பி. வீட்டில் குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூட வாய் திறந்து சொல்ல மாட்டான். மேடையேறினால் ஆளே வேறு.

நான் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். எனக்கு அந்தச் சங்கீதம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் அவன் பீரோவுக்குள் தலையை விட்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவில் கத்திப் பழகிய காலத்தில், கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்து "உங்க வீட்ல யாருக்கும்மா பிரசவ வலி?" என்று கேட்டபோது, "எங்க பீரோவுக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவள் நான்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன்.

மூன்றாவதாகக் கம்பி. கிடார் வாசிப்பவன், ஆளும் ஒல்லி, இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். எங்கள் ஃபிரிட்ஜைக் கேட்காமல் திறக்கிற உரிமை வெளியாட்களில் அவன் ஒருவனுக்குத்தான். என்னை அக்கா, அக்கா என்று தம்பியைவிட அதிகம் கூப்பிட்டவனும் அவன்தான்.

முதல் கச்சேரி ஒரு மரச்சாமான் கடையின் நிலவறையில் நடந்தது. கேட்க வந்தவர்களைவிட வாசித்தவர்கள் அதிகம். ஆனால் முதல் ஆல்பம் எடுத்த எடுப்பில் பற்றிக்கொண்டது. வேனில் ஊர் ஊராகப் போனார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் தெருவில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது ஆல்பத்தில் கம்பெனிக்காரன் "கொஞ்சம் இனிமையா பாடுங்களேன்" என்றான். இவனும் பாடித் தொலைத்தான். கேட்டவர்கள் மேடை மீது காலி டம்ளர்களை வீசினார்கள். வேன் விலைபோனது, குழு கலைந்தது, தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவனாகப் போய்ச் சேர்ந்தான். "அப்பவே சொன்னேனே" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்து அவனே புரிந்துகொண்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

பல வருடம் அப்படியே போனது. பிறகு அவர்களுடைய பழைய பாட்டொன்றை யாரோ வீடியோ கேமில் போட, புதிதாக ஒரு கூட்டம் அதைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தது. பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டு மூன்றாவது ஆல்பம் செய்யலாம் என்றது. அன்று சமையலறையில் என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான், என் எடையையும் யோசிக்காமல்.

ஒத்திகை தொடங்கியதும் தொண்டை காலை வாரியது. கத்தினால் ரத்த ருசி தெரிந்தது. குரல்நாணில் கொப்புளம், அறுவைச் சிகிச்சைதான் வழி என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பேசவே கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது, எப்போது பேசலாம் என்று நாங்களே போன் செய்து சொல்வோம் என்றார். ஸ்டுடியோ தேதியைத் தள்ள முடியாது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அதற்குள் குரல் திரும்பினால் இவன் பாடுவான், இல்லையென்றால் கதை முடிந்தது.

பேசக் கூடாதவன் போனை எடுத்து என்ன செய்வான்? ஜன்னலில் இருக்கும் நேரம் எனக்கும் போன் எடுக்க அனுமதி கிடையாது. "என் நம்பரைக் குடுங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றான் கம்பி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று உருகிப்போனேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வாரங்கள் ஓடின. "டாக்டர் பேசினார்க்கா. ஆறலையாம், இன்னும் ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாதாம். அவரும் வெளியூர் போறாராம், வந்ததும் கூப்பிடறேன்னார்" என்றான் கம்பி. தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கம்பிதான் தோளைத் தட்டி ஒரு வழி சொன்னான். ரெக்கார்டிங்கில் முதலில் ஒப்புக்கு ஒரு குரலைப் பதிந்து வைப்பது வழக்கமாம். "தேதி வீணாக வேண்டாம். நான் சும்மா பாடி வைக்கறேன்டா. நீ சரியானதும் வந்து அதை அழிச்சிட்டு உன் குரலைப் போடு."

சும்மா பாடுவதற்கும் தெரிய வேண்டுமே. எங்கள் கூடத்தில் கம்பியை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் கையை அழுத்தி, கத்தல் தொண்டையிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று என் தம்பி சைகையிலேயே சொல்லிக் கொடுத்தான். தன் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு கற்றதையெல்லாம் கம்பியின் தொண்டை கெடாமல் கற்றுக்கொடுத்தான். ஒருநாள் கம்பிக்கு அது சரியாக விழுந்தது. தம்பி எழுந்து நின்று கைதட்டினான். நான் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

மாதம் முடிந்தும் டாக்டர் வெளியூரிலிருந்து திரும்பிய பாடில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலை முடிந்து நேரே மருத்துவமனைக்குப் போனேன். தம்பியின் பெயரைக் கேட்டதும் நர்ஸ் முகம் சுளித்தாள்.

"அவருக்கு எப்பவோ சரியாயிடுச்சேம்மா. பேசலாம், குரல் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கன்னு நானே ரெண்டு தடவை போன் பண்ணினேன். அவங்க அண்ணன் எடுத்தார். வேற டாக்டர்கிட்ட காட்டறோம், இனிமே கூப்பிடாதீங்கன்னுட்டார்."

"டாக்டர் வெளியூர் போகலையா?"

"உள்ளதான் இருக்கார். பார்க்கறீங்களா?"

பார்க்கவில்லை. தம்பிக்கு அண்ணனே கிடையாது, நான் ஒருத்திதான். கம்பி நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான், அதுவும் என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே.

வீட்டில் தம்பி துணி மடித்துக்கொண்டிருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். இல்லை என்று தலையசைத்தான். "வாயைத் திறந்து சொல்லுடா. நீ பேசலாம். எப்பவோ பேசியிருக்கலாம்" என்று கத்தினேன்.

கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வாயைத் திறந்தான். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு குரல். அத்தனை வாரத்துக்குப் பிறகு என் தம்பி பேசிய முதல் வார்த்தை இதுதான்: "கம்பி அப்படிப் பண்ண மாட்டான்க்கா."

அவனே போன் போட்டான், நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில். பின்னால் டிரம்ஸ் சத்தம் கேட்டது. "கம்பி, நான்தான்டா."

எதிர்ப்பக்கம் அதட்டல், எவ்வளவு பாசமான அதட்டல்! "டேய், அறிவிருக்கா உனக்கு? எதுக்குடா பேசறே? டாக்டர் என்ன சொல்லியிருக்கார்? தையல் கிய்யல் பிரிஞ்சா என்ன ஆகும்? முதல்ல போனை வை. அக்கா இல்லையா பக்கத்துல?"

நான் சொன்னதையோ நர்ஸ் சொன்னதையோ நம்பாதவன் அந்த அக்கறையைக் கேட்டுத்தான் நம்பினான், கம்பி பொய் சொல்கிறான் என்று. சண்டை போடவில்லை. "சரிடா" என்று வைத்துவிட்டு, மீதித் துணியை மடித்தான். நான்தான் ஆத்திரம் அடங்காமல் ஸ்டுடியோ வாசல்வரை போய், காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஆல்பம் கம்பியின் குரலோடு வந்தது, ஓகோவென்று ஓடியது. அதன் அட்டையில், "குரலை இழந்த எங்கள் சகோதரனுக்குச் சமர்ப்பணம்" என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்த பிறகு எந்தக் குழு இவனைக் கூப்பிடும்? மறுபடியும் கிடங்கு, மறுபடியும் மூட்டை.

போன வாரம் இருவரும் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். அந்தக் குழுவின் படம் போட்ட பனியனோடு ஒரு பெண் ஏறினாள். தம்பியை அடையாளம் கண்டுகொண்டு, கண் கலங்க, நெஞ்சில் கைவைத்து ஏதோ சைகை செய்தாள்.

"நான் பேசுவேங்க" என்றான் தம்பி. "நல்லாத்தான் இருக்கேன். பாடவும் முடியும்."

அவள் முகம் மாறியது. கையைக் கீழே இறக்கினாள்.

"அப்ப ஏன் சார் அவங்களை நடுவழியில விட்டுட்டுப் போனீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் தம்பி என் கையைப் பிடித்து எழுப்பினான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டோம். எங்கள் வீடு அங்கிருந்து இன்னும் வெகுதூரம்.