பாகலூர்ப் பக்கத்து ஓடையில் நுரை நின்றபோது

காலை ஆறு மணிக்குக் காவேரிப்பட்டினத்தில் பஸ் ஏறினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாகலூருக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்த என் தங்கை நூர்ஜஹானையும், மாப்பிள்ளையையும், இரண்டு பிள்ளைகளையும் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று கிளம்பிய பயணம். "ஓடைத் தண்ணி கறுப்பா நுரையா வருது. கிணறும் நாறுது. பிள்ளைங்க காலெல்லாம் புண்ணு" என்று அவள் எழுதி இரண்டு மாதமாகிவிட்டது. ஜவுளிக் கடையை விட்டு என்னால் நகர முடியவில்லை. அந்த வெட்கமும் கூடவே வந்தது.

கிருஷ்ணகிரியில் வண்டி மாறினேன். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் எட்டு ரூபாய். சூளகிரியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மதுரைக்காரர், ஓசூர் ஆலையில் ஷிப்டுக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "கூட்டிட்டு வந்துருங்கண்ணே. கெட்ட தண்ணி நல்லதாகி நான் பாத்ததே இல்ல" என்றார்.

ஒன்பதரைக்கு ஓசூர். டவுன் பஸ்ஸில் பாகலூர். பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. ஓடைப் பாலம் வருமுன்பே மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பாலத்தின் நடுவில் மூச்சு முட்டித் துண்டை எடுத்தால், நாற்றமே இல்லை. அடிமணல் தெரிய, லேசான பச்சையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நாலு மாடுகள் தண்ணீரில் நின்றன. ஓட்டி வந்தவள் என் தங்கை!

"அண்ணே! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?"

"உன் கடுதாசிதாம்மா இழுத்துட்டு வந்தது. இதென்ன, தண்ணி தெளிஞ்சு கெடக்கு?"

"மேல, கர்நாடகா பக்கத்து டவுன்ல சாக்கடையச் சுத்தம் பண்ணக் குட்டை கட்டுனாங்க. அது ஓட ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. மறுபடி கறுத்துடுமோன்னு பயந்துதான் எழுதல."

பிள்ளைகளின் கால்களைப் பார்த்தேன். புண் ஆறித் தழும்பாகியிருந்தது. ஆனால் மாப்பிள்ளை காதருக்கு நம்பிக்கை வரவில்லை. "இருக்கலாமா, வேணாமா? நீங்களே பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்றார்.

இரண்டு மணிக்கு அவர் சைக்கிளில் எல்லை தாண்டி நாலு கிலோமீட்டர் போனோம். கம்பி வலையில் குப்பை தங்க, சாக்கடை ஒரு தொட்டியில் விழுந்தது. அங்கே வண்டல் படிந்தபின் மோட்டார் இறைத்துவிட, குட்டை குட்டையாக வெயிலில் கிடந்து, கடைசி மதகில் ஓடைக்குப் போனது. காவலிருந்த சிவண்ணா கன்னடமும் தமிழுமாகப் பேசினார்.

"மோட்டார் நின்னுட்டா?" என்றார் காதர்.

"இன்னொண்ணு இதே, இருக்கு ஸ்வாமி. ரெண்டும் கெட்டா நானே ஊருக்கு வந்து சொல்றேன். வயலுக்கு ஆகும். குடிக்க மட்டும் பேடா, வேணாம். போர் தண்ணி குடிங்க. கிணறு தெளிய இன்னும் ஒரு மழை வேணும்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் அளந்து விட்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். திரும்பும் வழியில் காதர் சைக்கிளை நிறுத்தி, "இருந்துடறோம் மச்சான்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் அதைக் கேட்டதும் நூர்ஜஹான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு இன்னும் இரண்டு தோசை போட்டாள்.

மறுநாள் தனியாகத்தான் திரும்பினேன். சூளகிரி தாண்டுமுன் தூங்கிவிட்டேன். அத்தனை லேசாக இருந்தது மனசு. காவேரிப்பட்டினத்தில் இறங்கிக் கடைக்கு நடந்தபோது, வாசலில் ஓடும் சாக்கடையைத் தாண்டக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றேன். இருபது வருஷமாகத் தாண்டுகிறேன். இது எங்கே போகிறது என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. கடையைத் திறக்காமல், அதன் கரையோடு நடக்க ஆரம்பித்தேன்.