சகலையின் துப்பாக்கி

வில்மர் ஸ்னேவ்லி குழாய் வேலைக்காரன். எங்கள் பள்ளத்தாக்கில் அவன் கை படாத வீடு கிடையாது. என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஊரில் உள்ள அத்தனை பேரையும் குறை சொல்வான். ஆனால் அவன் முடுக்கிவிட்டுப் போன குழாய் மறுபடி சொட்டியதில்லை. நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு வியாதி: சகலை நன்றாக இருந்தால் இவனுக்குச் சாப்பாடு இறங்காது.

சகலை லாமர் பெக்டல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். லாமர் வீட்டுத் தக்காளி முதலில் பழுத்துவிட்டால் வில்மர் விதைக் கடைக்காரனோடு சண்டைக்குப் போவான். லாமருக்கோ இப்படி ஒரு போட்டி நடப்பதே தெரியாது. அதில்தான் வில்மருக்குக் கூடுதல் எரிச்சல். எனக்கும் பொறாமை தெரியாத சரக்கு அல்ல. பக்கத்துப் பண்ணைக்காரி புது டிராக்டர் வாங்கியபோது ஒரு வாரம் அந்தப் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாரம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். வில்மருக்கு அந்த வாரம் முடிவதே இல்லை.

அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை என் மேட்டு வயல். அங்கே மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் போட்டிருக்கிறேன். குதிரைமசால் இருக்கிற இடத்தில் கிரவுண்ட்ஹாக்கும் இருக்கும். பெருச்சாளிக்குப் பெரியப்பா மாதிரி, தின்று தின்று கொழுத்த பிராணி. அது தோண்டுகிற வளையில் மாட்டுக்கால் இறங்கினால் கால் முறியும். அதனால் எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் சுடத் தெரிந்தவனுக்கு வயல்காரர்கள் அனுமதி கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் எல்வுட் ஒரு விதி வைத்திருந்தார்: மேட்டு வயலில் ஒரே ஒரு துப்பாக்கிதான். மாடு மேய்கிற இடத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கம் சுட்டால் என்ன ஆவது? அந்த ஒரே ஆளாக வில்மர்தான் வெகுகாலம் இருந்தான். எங்கள் குடும்பப் பேரால் லெஷர் மேடு என்று சொல்கிற அந்த வயல் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் பள்ளத்தாக்கிலேயே குறி தவறாதவன் என்று பேர். எல்வுட் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த விதியை நான் மாற்றவில்லை.

ஒரு வசந்தகாலத்தில் லாமர் புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கினான். ஒரு சமயத்துக்கு ஒரே தோட்டா போடுகிற ரகம். கீழே ஒரு நெம்புகோல், நீளக் குழல், வழவழவென்று அக்ரூட் மரக்கட்டை. அதை வைத்துக்கொண்டு துப்பாக்கிக் கழகத்துச் சுடுமேடையில் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் ஒரே ஓட்டையில் போனதாம். ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த விருந்தில் அந்தக் குறி அட்டை கைக்குக் கை மாறியது. வில்மரிடம் வந்தபோது அவன் அதைப் பார்க்காமலே அடுத்தவனுக்குத் தள்ளினான்.

அடுத்த வாரமே தன் பழைய துப்பாக்கியை விற்றுவிட்டு, லாமர் வாங்கிய அதே ரகத்தை வாங்கி வந்தான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். முதல் இரண்டு தோட்டா ஒழுங்காகப் போகும். குழல் சூடேறியதும் மூன்றாவது மேலே ஏறும், நான்காவது எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது.

குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டை அதை அழுத்துகிறதோ என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். தேய்த்தது அதிகமாகிவிட்டதோ என்று பசை பூசினான். தோட்டா மருந்தின் அளவை மாற்றினான், குழலைத் தாங்குகிற மணல் மூட்டையை மாற்றினான், விசையைக் கழற்றி மாட்டினான். ஒன்றும் ஆகவில்லை. அவன் மனைவி எடித், தங்கை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றாளாம். அன்று இரவு வில்மர் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான்.

இதற்குள் என் மேட்டில் வளைகள் பெருகிவிட்டன. ஜூன் மாதம் என் நல்ல கறவைப் பசு ஒன்றின் கால் வளையில் இறங்கி முறிந்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. வில்மரும் லாமரும் வந்து என் கண் முன்னால் பலகையில் சுடட்டும், நன்றாகச் சுடுகிறவனுக்கு மேடு என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லாமர் வீட்டில் விருந்து. காய்ந்த ஆப்பிள் போட்ட பன்றிக்கறி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வில்மர் நிலவறைக்கு இறங்கினான். குழாய்க்காரன் நிலவறைக்குப் போனால் யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேதான் லாமரின் துப்பாக்கி இருந்தது. முன்கட்டையின் ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் பார்த்தான். குழலுக்கும் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கும் நடுவே, பழைய டியூபிலிருந்து வெட்டிய சின்ன ரப்பர் துண்டு. அவ்வளவுதான் ரகசியம்.

திரும்ப மாட்டும்போது அந்தத் திருகாணி கழற்றும்போதே கொஞ்சம் தளர்வாக இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. தளர்ந்திருப்பதைப் பார்த்தால் குழாய்க்காரன் கை சும்மா இருக்குமா? நறுக்கென்று முடுக்கிவிட்டு மேலே வந்து இன்னொரு தட்டு கறி சாப்பிட்டான்.

பலகை நாள் வந்தது. நான் பால் கறக்கிற முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வில்மர் அதே மாதிரி ரப்பர் வைத்த தன் துப்பாக்கியால் சுட்டான். ஓட்டைகள் எல்லாம் ஒரு பிஸ்கட்டுக்குள் அடங்கின. அடுத்து லாமர். முதல் தோட்டாவே பலகை ஓரத்தில். அடுத்தது அதற்கும் கீழே. கடைசி இரண்டும் பலகையிலேயே படவில்லை. லாமர் கண்ணைக் கசக்கினான். கண்ணாடியைத் துடைத்தான். பிறகு வில்மர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மெதுவாக வண்டியைப் பார்த்து நடந்தான்.

மேடு வில்மருக்கு என்று ஆயிற்று. ஆனால் அவன் சுடவே வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. லாமர் பஸ் வேலையை விடப்போகிறானாம். அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண் டாக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் லாமர் நம்பவில்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டி, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தொடமாட்டேன் என்று பஸ் முதலாளியிடம் சொல்லிவிட்டானாம்.

அப்புறம்தான் நிலவறைக் கதையைச் சொன்னான். பலகையில் முதல் தோட்டா பட்டபோதே திருகாணிதான் காரணம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டதாம். லாமர் பல நாள் சுட்டுப் பார்த்துத்தான் அதை அந்தத் தளர்ச்சியில் விட்டிருக்கிறான்.

"புரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னியா?" என்றேன்.

"மேடு போயிடுமேன்னு நின்னேங்கா."

"மேடு கெடக்கட்டும். எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? போன எடுத்து அவன இங்க வரச் சொல்லு."

எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

லாமர் வந்தான். வில்மர் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, அடி விழும் என்று கன்னத்தைக் காட்டுகிற மாதிரி முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டான். எனக்கும் ஒன்று விழட்டும் என்றுதான் இருந்தது.

லாமர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்கா, சகல?"

"நல்லா இருக்கு."

"திருகாணிதானா?"

"திருகாணிதான்."

லாமர் சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் ஓடியது. வில்மரை இழுத்துக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினான். "ராத்திரி தூங்கவே இல்லடா. இருட்டுல கையால தடவித் தடவி நடந்து பழகிப் பாத்தேன் தெரியுமா?" என்றான்.

மேட்டை லாமருக்கே கொடுத்துவிடுவதாக நான் சொன்னேன். வேண்டாம் அக்கா, சகலையே வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கண் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பஸ் முதலாளிக்குப் போன் போட உள்ளே ஓடினான்.

வில்மர் மறுபடி படியில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து லாமரின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒரு அறை விட்டிருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேங்கா," என்றான். "நானா இருந்தா இப்படிச் சிரிச்சிருப்பனா? இப்ப இதுக்கும் சேத்து அவனப் பாத்தா வயிறு எரியுது."