சோழகம் பின்னால் அடித்த காலை

என் இடது கைக்கு இன்னும் பழக்கம் போகவில்லை. தண்ணீரூற்றுச் சந்தியைத் தாண்டி, வயல்கள் முடிந்து, உப்பு மணம் மூக்கில் ஏறத் தொடங்கும் இடத்தில் அது தானாக ஹாண்டிலை விட்டு எழும்பும். பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து பிறேக்கைப் பிடித்துக்கொள்ளும். என் மனுசி செத்துப் பத்து மாதமாகிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கடற்கரைக் கிராமம் ஒன்றில். அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ரீச்சர். நான் பக்கத்துத் தபால் கந்தோரில். முன்பெல்லாம் மோட்டார்சைக்கிளில் போய்வந்தோம். பெற்றோலுக்கு வரிசையில் நின்று சீவன் போன காலத்தில், கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்கள் இரண்டையும் தூசு தட்டி எடுத்தோம். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது. ஆனால் மோட்டார்சைக்கிளில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை.

"அதில பின்னால இருந்தா உங்கட முதுகைத்தானேயப்பா பாத்துக்கொண்டு வரவேணும். இதெண்டா கதைச்சுக்கொண்டு போகலாம்" என்றாள்.

கதைத்துக்கொண்டு போவதற்கென்றே போட்டது போன்ற வீதி அது. தார்க் காப்பெற் போட்டு அகலமாக்கி விட்டிருக்கிறார்கள், போவதற்குத்தான் ஆளில்லை. காலை பஸ் போனால் பிறகு மாடுகள்தான். நடு வீதியில் படுத்திருக்கும் நாய்கூட எங்களைக் கண்டு எழும்பாது, நாங்கள்தான் சுற்றிப் போகவேண்டும். அவள் எனக்கு இடப்பக்கம் வீதிக்கரையில், நான் நடுவீதிப் பக்கம். பத்துக் கிலோமீற்றரும் அவளுக்கு வாய் ஓயாது. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது, பக்கத்து வீட்டு ஆடு எந்தச் செடியைக் கடித்தது, நான் குசினிக் கூரையை எப்போது திருத்தப்போகிறேன் என்பதெல்லாம் அந்த வீதியில்தான் பேசி முடியும்.

எதிர்காற்றுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போகும்போது, பெலமுள்ளவர் மற்றவரின் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே மிதிப்பார். பள்ளிக்கூடப் பெடியள் செய்கிற வேலை. எங்கள் வயதில் புருசனும் பெண்சாதியும் வீதியில் கை போட்டுக்கொண்டு போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. காற்றுக்குத் தள்ளினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாரியில் காலையிலேயே எதிர்காற்றுத்தான். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நாங்கள் போகும்போது காற்று முதுகில் அடிக்கும், பின்னேரம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். நான் எப்போது பின்னேரம் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் காற்று பிடிக்கும்.

போன வருடச் சோழகத்தில் தள்ளுவது பாரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்கே தொடை நடுங்கும். "காத்து இந்தமுறை கடுமையப்பா" என்பாள். "இடியப்பத்தில ரெண்டைக் குறையும், காத்துத் தானாக் குறையும்" என்பேன். சிரிப்பாள். என் உள்ளங்கைக்கு அடியில் அவளுடைய முதுகு ஏறி ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். எதிர்காற்றுக்கு மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் அரிசி மூட்டையும் கொட்டில் போடத் தறப்பாளும் கட்டி, கரியரில் தன் தாயையும் ஏற்றிக்கொண்டு சேற்றுக்குள்ளால் மிதித்து வந்தவள் அவள். காப்பெற் வீதி அவளை என்ன செய்யும்? என் எண்ணம் அப்படித்தான் ஓடியது.

அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, வீதி கடலைப் பார்க்கத் திரும்பும் இடத்து மதகில் அவள் இறங்கிவிட்டாள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தாமல் அப்படியே சாய்த்துவிட்டு மதகுக் கட்டின்மேல் இருந்தாள்.

"காத்து இண்டைக்குக் கடுமை. கொஞ்சம் இருந்திட்டுப் போவமே?"

பனைகளெல்லாம் கடல் பக்கம் சாய்ந்து நின்றன. இடுப்பில் சொருகியிருந்த அவளுடைய சேலைத் தலைப்புக் கழன்று முன்னால் பறந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காத்துப் பின்னாலயல்லே அடிக்குது! பாரும், உம்மட தலைப்பு உமக்கு முதலே பள்ளிக்கூடத்துக்குப் போகுது."

அவள் தலைப்பைப் பார்த்தாள். "ஓமென்ன? எனக்கு முகத்தில அடிக்கிறமாதிரிக் கிடக்கு" என்று தானும் சிரித்தாள். நேரம் போகிறது என்று நான் அவளை எழுப்பிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் இவ்வளவு வேதனை இல்லை. நான் வாய் சும்மா கிடக்காத ஆள். கந்தோருக்கு முத்திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். "இருவது வருசமாப் பிள்ளையளுக்குத் திசை படிப்பிக்கிற ரீச்சருக்குக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குதெண்டு தெரியாது." கதை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. மற்ற ரீச்சர்மார் அவளைக் கண்டவுடன், "ரீச்சர், இண்டைக்குக் காத்து எப்பிடி?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

"ஏனப்பா அதை ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள்?" என்று ஒரு பின்னேரம் கேட்டாள்.

"பகிடிக்குத்தானே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் காற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதையும் குறைந்துபோனது. நான் கதைப்பேன், அவள் "ஓம்" என்பாள், சில நேரம் தலையை மட்டும் ஆட்டுவாள். கதைக்க மூச்சில்லாமல்தான் பேசாமல் வந்தாள். பகிடி பண்ணியதற்குக் கோபம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள், சைக்கிள் இறுக்கமாக இருக்கிறது, செயினைப் பாருங்கோ என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முற்றத்தில் சாக்கை விரித்து அதைக் கழற்றிப் பூட்டினேன். சக்கரக் குண்டுகளை மாற்றிக் கிறீஸ் போட்டேன், செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். பிறகு ஏறி ஒழுங்கை முடியும் வரை ஓடிப் பார்த்தேன். மிதிக்கத் தேவையில்லாமல் போனது. திரும்பி வந்து படலையடியில் நின்று, பெருமையோடு சொன்னேன்.

"சைக்கிளில ஒரு பிழையும் இல்லை. உம்மிலதான் பிழை."

அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "ஓம், என்னிலதான்" என்றாள். சிரிக்கவில்லை. நான் கை கழுவப் போனேன்.

ஆவணியில், அதே மதகில், அவள் இரண்டாம் முறை இறங்கினாள். இந்த முறை கட்டின்மேல் இருக்கவும் முடியவில்லை, என்மேல் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தெரிந்த ஓட்டோக்காரருக்குப் போன் அடித்தேன். தூரத்தில் நின்றார், உடனே வாறன் என்றார். வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு மோட்டார்சைக்கிள் இல்லை, ஒரு லொறி இல்லை. வாகனமே வராத வீதி என்று எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வெறும் வீதியைப் பார்த்துக் கத்தினேன். அவள் என் சேட்டைப் பிடித்து இழுத்து, "கத்தாதேங்கோப்பா, மாடு வெருளும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இதயத்தில் வால்வு பழுதாம், கனகாலமாகவே பழுதாம். "கனநாளா மூச்சு வாங்கியிருக்குமே ஐயா, கவனிக்கேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

"காத்துக்கெண்டு நினைச்சன்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீட்டுக்கு வந்த ரீச்சர்மார் சாப்பிட்டுவிட்டு அவளைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் அந்தப் பகிடியை எடுத்தார். "பாவம், என்ன பகிடியா இருந்தவா. காத்துப் பின்னால அடிக்க..." எல்லோரும் சிரித்து, சிரிப்போடு அழுதார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அது என் வாயிலிருந்து போன கதை. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

இப்போது தனியாகப் போய்வருகிறேன். பின்னேரம் காற்று முகத்தில் அறைகிறது, ஆனாலும் தொடை நடுங்குவதில்லை. எனக்கு வயது போய்விட்டது என்று போன வருடம் நினைத்தது பிழை. அவள் மிதிப்பதை விட்டுக் கனநாளாகியிருக்கவேண்டும். முழுப் பாரமும் என் கையில்தான் வந்திருக்கிறது. அதைக்கூட நான் காற்றின் கணக்கில்தான் போட்டிருக்கிறேன்.

இந்த வருடச் சோழகம் தொடங்கிவிட்டது. இன்று காலை அது முதுகில் அடித்துத் தள்ள, மிதிக்காமலே மதகடிக்கு வந்துவிட்டேன். கை எழும்பியது. இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். பனைகள் கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. வீதியில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதனால் வாய் திறந்தே சொன்னேன்.

"ஓம், காத்துக் கடுமைதான். ஆறுதலா இருந்திட்டுப் போவம்."